எடை குறையாத வாழ்வு

ஒருவர் கிறிஸ்தவர் என்பதை ஊரார் எதைக் கொண்டு அறிகின்றனர்? வீட்டு வாயிலில் பதித்த சிலுவையைக் கொண்டா? கழுத்தில் அணிந்த உத்தரியத்தைக் கொண்டா? திருமுழுக்கில் சூட்டிய பெயரைக் கொண்டா? இவை யாவும் நல்ல அடையாளங்களே. ஆயினும் அண்டை வீட்டார் நம்மை இவற்றால் அளப்பதில்லை. நாம் விற்கும் பொருளின் எடையைப் பார்க்கிறார்கள். கொடுத்த வாக்கைக் காத்தோமா என்று பார்க்கிறார்கள். வேலை செய்தவருக்குச் சொன்ன நாளில் கூலி கொடுத்தோமா என்று பார்க்கிறார்கள். நம் மறையுரையை அவர்கள் கேட்டதில்லை. நம் வாழ்வை நாள்தோறும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வாறு ஒரு மலைநாட்டு மக்கள் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைப் பல ஆண்டுகள் எடை போட்டுப் பார்த்த வரலாறு ஒன்று நம் தமிழகத்திலேயே உண்டு. அது நடந்த இடம் கொல்லிமலை. அந்த வரலாற்றை இங்கே நினைவுகூர்ந்து, நம் இல்லங்களுக்கு அது என்ன கூறுகிறது என்று சிந்திப்போம்.

கொல்லிமலை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்கப் புலவர்கள் போற்றிய மலை அது. முன்னர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; 1997-இல் நாமக்கல் மாவட்டம் பிரிந்தபின் அம்மாவட்டத்தின் பகுதியாயிற்று. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்திலேயே மலையுச்சியை அடையலாம். பலாவும் அன்னாசியும் மிளகும் காப்பியும் விளையும் அழகிய நாடு அது. சாமையும் கேழ்வரகும் அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய உணவு.

நூறு ஆண்டுகளுக்கு முன் நிலை வேறு. மலையேறச் சாலை இல்லை. ஒற்றையடிப் பாதையே இருந்தது. மருத்துவர் இல்லை. காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அம்மலையில் இரவு தங்கவும் தயங்கினர். எழுத்தறியாத மலைமக்கள் கடன் கொடுத்தவர் எழுதியதையே கணக்கென்று நம்ப வேண்டியவராய் இருந்தனர். கீழிருந்து மேலேறி வந்த அயலார் பெரும்பாலும் எதையேனும் வாங்கிச் செல்லவே வந்தனர். வரியாகச் சிலர் வாங்கினர். வட்டியாகச் சிலர் வாங்கினர். ஆகவே அயலாரைக் கண்டால் ஐயுறுவது அம்மக்களுக்கு இயல்பாயிற்று. அவர்கள் மீது குற்றம் காண இயலுமோ?

மலையேறிய தம்பதியர்

ஜெசி பிராண்டு என்பவர் இங்கிலாந்து நாட்டவர். கட்டடத் தொழில் அறிந்தவர். சீர்திருத்தச் சபைகளுள் ஒன்றாகிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் சங்கத்தின் ஊழியராக 1907-இல் தமிழகம் வந்தார். லண்டனில் வசதியுள்ள வணிகர் குடும்பத்தில் பிறந்து, ஓவியக் கலையில் தேர்ந்த ஈவ்லின் என்னும் பெண்மணி 1913-இல் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். திருமணம் முடிந்ததும் இருவரும் கொல்லிமலையில் குடியேறினர். மரவீட்டின் பகுதிகளைச் சமவெளியில் செய்து, ஆட்களின் தலைச்சுமையாக மலைமேல் கொண்டுவரச் செய்து, கரையான் ஏறாதபடி தூண்கள்மீது அதனை நிறுத்தினார் ஜெசி. வாழவந்தி என்னும் ஊர்ப்பகுதியே அவர்கள் பணிக்கு மையமாயிற்று.

“இவர்கள் கத்தோலிக்கர் அல்லரே, இவர்களை ஏன் நமக்கு எடுத்துக்காட்டாகக் கூற வேண்டும்?” என்று வாசகருள் சிலர் வினவக்கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏடு இதற்கு விடை தருகிறது. பிரிந்து வாழும் நம் சகோதரரிடத்தில் காணப்படும் உண்மையான கிறிஸ்தவ நலன்களை நாம் மகிழ்வோடு ஏற்று மதிக்க வேண்டும் என்றும், தூய ஆவியானவர் அவர்களிடத்தில் நிகழ்த்துவது நம் ஞான வளர்ச்சிக்கும் உதவக்கூடும் என்றும் சங்கம் போதித்துள்ளது. எனவே கற்றுக்கொள்ள நாணுவதற்கு இடமில்லை.

முதல் ஆண்டுகளில் மலைமக்கள் அவர்களை நெருங்கவில்லை. ஜெசி போதித்தார், கேட்டவர்கள் கலைந்து சென்றனர். பல ஆண்டுகள் சென்றும் ஒருவரேனும் அவர்களுடைய விசுவாசத்தைத் தழுவவில்லை. சங்கத்துக்கு எழுதும் அறிக்கையில் பெருமையாகக் கூற ஏதுமில்லை. இத்தகைய நிலையில் பலர் மனம் தளர்ந்து திரும்பிவிடுவர். வேறு சிலர் இல்லாததை இருப்பதாக எழுதிவிடுவர். அவ்விருவரோ நாள்தோறும் செய்யவேண்டிய வேலையைச் செய்துகொண்டிருந்தனர்.

புகழ் இல்லாத வேலை

அந்த வேலைகளுள் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். அந்நாளில் கொல்லிமலையில் நரம்புச் சிலந்தி என்னும் நோய் மிகுதி. நோயாளி கிணற்றில் இறங்கிக் காலை நனைக்கும்போது, அவர் உடம்பிலிருக்கும் புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்நீரைக் குடிப்பவர் உடம்பில் புழு வளர்ந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின் காலில் கொப்புளமாய்த் தோன்றி, தோலைத் துளைத்து வெளியே தலை நீட்டும். நூல் போன்ற அப்புழு ஒரு முழத்தையும் கடந்து நீண்டிருக்கும். அதனை வெடுக்கென்று இழுத்தால் உள்ளேயே அறுந்துவிடும். புண் சீழ்கொண்டு நோயாளி நடக்கவும் இயலாமற் போவார். ஆகவே ஒரு சிறு குச்சியில் அதன் முனையைச் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிதளவே வெளியே எடுக்க வேண்டும். இவ்வாறு பல நாள்கள், சில வேளை வாரக்கணக்கில், பொறுமையோடு செய்ய வேண்டும்.

லண்டனில் ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றிருந்த ஜெசி இதனைச் சலிப்பின்றிச் செய்தார். அதனோடு நில்லாமல், கிணற்றுக்குள் இறங்காதபடி சுவர் எழுப்பவும், நீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும் மக்களுக்குக் கற்பித்தார். வலிக்கும் பல்லைப் பிடுங்கினார். புண்களைக் கழுவினார். தச்சு வேலையும் பயிர்த்தொழிலும் பட்டுப்புழு வளர்ப்பும் கற்றுத்தந்தார். குத்தகை உழவர் அநீதிக்குள்ளானபோது அவர்களுக்காக அதிகாரிகளிடம் சென்று வாதாடினார்.

இவற்றில் எதுவும் பெரும் வீரச் செயல் ஆகாது. இரவில் எழுப்பினால் எழுந்து செல்வதும், நாளை வருகிறேன் என்றால் நாளை வந்து நிற்பதும், கூலிக்கு அழைத்தவனுக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுப்பதுமே அவர்களுடைய அன்றாட வாழ்வு. நேர்மை என்பது பெரும்பாலும் இவ்வாறு சிறிய உருவத்தில்தான் வருகிறது. சிறியவற்றில் உண்மையாய் இராதவன் பெரியவற்றிலும் உண்மையாய் இரான் என்று நம் ஆண்டவர் போதித்ததும் இதனாலன்றோ?

நரம்புச் சிலந்தி நோய் இன்று நம் நாட்டில் இல்லை. 1996-இல் இறுதி நோயாளி காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதென்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. விலையுயர்ந்த மருந்தால் அது ஒழியவில்லை. கிணற்றைக் காத்து, நீரை வடிகட்டி, வீடுவீடாகச் சென்று சொல்லிச் சொல்லியே மக்கள் அதனை ஒழித்தனர். யாரும் பாராட்டாத சிறு செயல்கள் வீண்போவதில்லை.

பூசாரியின் குடிசையில்

அம்மலைப் பகுதியில் பூசாரி ஒருவர் இருந்தார். புதிதாய் வந்தவர்களை மக்கள் ஏற்காதபடி எதிர்த்து நின்றவர் அவர். தம் முன்னோர் வழியைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கும். அதனை நாம் இகழ வேண்டியதில்லை.

1918-19-ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் கொல்லிமலையையும் விட்டுவைக்கவில்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அது பலிகொண்டது. குடிசைகளில் நோயுற்றவர் கிடக்க, தொற்றுக்கு அஞ்சி உறவினரும் ஓடிவிட்டனர். பசியாலேயே பலர் மாண்டனர். பிராண்டு தம்பதியர் பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சினர். குதிரைமீது ஏறி ஊர் ஊராகச் சென்று, எழ இயலாதவருக்கு வாயில் ஊட்டினர்.

பூசாரியும் அவர் மனைவியும் அக்காய்ச்சலில் விழுந்தனர். அவர்களை நெருங்க எவரும் துணியவில்லை. யாரை ஊருக்குள் வரவிடாதபடி அவர் தடுத்தாரோ, அவர்களே அவருடைய குடிசைக்குள் குனிந்து நுழைந்தனர். இறக்கும் தறுவாயில் அப்பூசாரி தம் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார். பெற்றோர் இருவரும் இறந்தனர். தாயற்ற அக்கைக்குழந்தையைப் பிராண்டு குடும்பத்தினர் தம் பிள்ளையாக வளர்த்தனர்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே மலைமக்கள் அவர்களை நாடி வரலாயினர். எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்று எண்ணுவது நம் நோக்கமன்று. இங்கு நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்று உண்டு. சாகும் வேளையில் ஒரு தந்தை தம் மகளை யாரிடம் ஒப்படைப்பான்? தனக்கு இனியவை பேசியவரிடமா? இல்லை, இவர் ஏமாற்றமாட்டார் என்று எவரை நம்புகிறானோ அவரிடமே. பல ஆண்டுகள் எதிர்த்து நின்றவர், அப்பல ஆண்டுகளிலும் அவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர்களுடைய தராசு ஒருநாளேனும் தாழ்ந்திருந்தால், அவர்கள் ஒரு பொய்யேனும் சொல்லி அகப்பட்டிருந்தால், அந்தக் குழந்தை அவர்கள் கைக்கு வந்திராது. ஓர் இரவில் செய்த உதவி அவர் மனத்தைத் திறந்தது உண்மையே. ஆனால் அவ்விரவுக்கு முன்னர்க் கழிந்த ஆண்டுகளே அதற்கு நம்பத்தகுந்த பொருளைத் தந்தன.

தந்தை எழுதிய கடிதங்கள்

பிராண்டு தம்பதியருக்குப் பவுல், கோனி என்று இரு பிள்ளைகள். 1914-இல் பிறந்த பவுல் மலைச்சிறுவர்களோடு மரமேறி வளர்ந்தவர். தந்தை புண் கழுவுவதையும், தாய் கஞ்சி ஊட்டுவதையும் கண்டவர். 1923-இல் படிப்பிற்காகப் பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். அதன்பின் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் காணும் வாய்ப்பே கிட்டவில்லை. கடிதங்கள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

1929 சூன் திங்களில், மலேரியாவின் கொடிய வடிவமாகிய கருஞ்சிறுநீர்க் காய்ச்சலால் ஜெசி பிராண்டு காலமானார். அப்போது அவருக்கு வயது 44. தந்திச் செய்தி உடனே இங்கிலாந்தை அடைந்தது. கடிதங்களோ கப்பலில் வர வேண்டும். ஆகவே தந்தை இறந்தார் என்று அறிந்த பின்னரும், அவர் தம் கையால் எழுதிய கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. மலையின் மரங்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும், அவற்றைப் படைத்த இறைவனின் நன்மையைப் பற்றியும் அவர் எழுதியிருந்தார்.

பெற்றோராகிய நாம் இங்கே சற்று நிற்போம். நாம் மறைந்தபின் நம் பிள்ளைகளுக்கு நம்மிடமிருந்து எத்தகைய கடிதங்கள் வந்துகொண்டிருக்கும்? வீடும் நிலமும் பத்திரமும் அவர்களை அடையும். அவற்றோடு, நாம் எவ்வாறு அவற்றைச் சேர்த்தோம் என்ற நினைவும் அடையும். பத்திரத்தில் எழுதப்படாத அந்த நினைவே அவர்களுக்கு நிலைத்த சொத்தாகவோ தீராத கடனாகவோ அமையும்.

பவுல் முதலில் தந்தையைப் போலவே கட்டடத் தொழில் பயின்றார். பின்னர் மருத்துவம் கற்று அறுவை மருத்துவரானார். 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்குச் சதை அழுகுவது காரணமன்று, வலியுணர்ச்சி இல்லாமையால் அறியாமல் ஏற்படும் காயங்களே காரணம் என்று அவரும் உடனுழைத்தோரும் நிறுவினர். தசைநாணை இடமாற்றி, மடங்கிப்போன விரல்களை மீண்டும் இயங்கச் செய்தனர். கை சீரான சிலர் திரும்பி வந்து, “இந்தக் கைக்கு இப்போது யாரும் பிச்சை போடுவதில்லை” என்ற பொருள்படக் குறைகூறினர். அக்குறையிலுள்ள உண்மையை அவர் ஒதுக்கிவிடவில்லை. கையைத் திருத்தினோம், நம் கடமை முடிந்தது என்று கணக்கை மூடாமல், அவர்கள் உழைத்து உண்ணத் தொழில் கற்பிக்கும் நவஜீவ நிலையத்தை வேலூரில் உருவாக்கினார். மலையில் தந்தை செய்ததையே மகன் மருத்துவமனையில் செய்தார்.

எழுபதை நெருங்கிய பின்

கணவர் இறந்தபோது ஈவ்லினுக்கு வயது ஐம்பது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை முதலிய ஐந்து மலைத்தொடர்களிலும் பணி செய்ய வேண்டும் என்பது கணவனும் மனைவியும் கொண்டிருந்த உறுதி. ஈவ்லின் மீண்டும் இந்தியா வந்தார். சங்கம் அவரைச் சமவெளியில் பணிக்கு அமர்த்தியது, பணிந்தார். 1947-இல், வயது எழுபதை நெருங்கியவரை மலைக்கு அனுப்ப இயலாது என்று சங்கம் மறுத்தது. அவர் வழக்காடவில்லை. இன்னும் ஓராண்டு சமவெளியில் பணிசெய்ய ஒப்புதல் பெற்று, அவ்வோராண்டையும் குறைவின்றி முடித்தார். முடிந்ததும் சங்கப் பணியிலிருந்து விலகினார். இனித் தாய்நாடு திரும்புவார் என்று நண்பர்கள் எண்ணியிருக்க, அவர் மலையேறினார்.

கீழ்ப்படிதலும் கொடுத்த வாக்கும் ஒன்றோடொன்று மோதுவதுபோல் தோன்றும் வேளைகள் நம் வாழ்விலும் உண்டு. அப்போது சிலர் பொய் சொல்லித் தப்புவர். சிலர் வாக்கைக் கைவிடுவர். ஊதியம் வாங்கும் வரை வாங்கியதற்கு உழைத்து, பின்னர் ஊதியத்தைத் துறந்து தம் வாக்கை நிறைவேற்றினார் இம்மூதாட்டி. நேர்மைக்கு எப்போதும் விலை உண்டு. அவ்விலையைப் பிறர் தலையில் சுமத்தாமல் தாமே செலுத்தினார்.

அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் மலைகளில் வாழ்ந்தார். மட்டக்குதிரையில் சென்றார், முடியாதபோது மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். எழுபத்தைந்து வயதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இரவு முழுவதும் தரையில் கிடந்தார். காலையில் ஆட்கள் கண்டு, கட்டிலில் வைத்துச் சமவெளிக்குச் சுமந்து வந்தனர். இனி மலை வேண்டாம் என்று மருத்துவராகிய மகன் வேண்டினார். பயன்பட வேண்டிய இடத்தில் பயன்படாத உடம்பைக் காத்து வைப்பதில் என்ன பயன் என்பதே அத்தாயின் எண்ணமாயிருந்தது, மீண்டும் மலையேறினார். வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் முகம்பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியுள்ளார்.

1974 டிசம்பர் திங்களில், தம் 95-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். பெட்டி ஏதுமின்றி, சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி அடக்கம் செய்யுமாறு கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வாறே மலைமக்கள் அவரைக் கொல்லிமலையில் கணவர் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தனர்.

திருச்சபை கூறுவது

நாம் மறைபரப்பாளர் அல்லர், குடும்பத்தினர். நம் மலை நம் அலுவலகமும் கடையும் வயலும் சமையலறையுமே. விசுவாசத்தை ஒருபுறமும் அன்றாட வாழ்வை மறுபுறமும் பிரித்து வைப்பதை நம் காலத்தின் பெரும் பிழைகளுள் ஒன்றாக எண்ண வேண்டும் என்று, 1965-இல் வெளியான இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் வத்திக்கான் சங்கம் எச்சரித்தது.

1992-இல் வெளியிடப்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஏழாம் கட்டளையை விளக்கும்போது, சுவரேறிக் குதிக்கும் திருடனோடு நின்றுவிடவில்லை. இரவல் வாங்கியதையும் கண்டெடுத்ததையும் வேண்டுமென்றே வைத்துக்கொள்ளுதல், வணிகத்தில் வஞ்சித்தல், முறையற்ற கூலி கொடுத்தல், பிறருடைய அறியாமையையோ இடுக்கணையோ பயன்படுத்தி விலையேற்றுதல், வேலையை அரைகுறையாய்ச் செய்தல், வரி ஏய்த்தல், பொய்ச் சீட்டு எழுதுதல் ஆகிய யாவும் அக்கட்டளையை மீறுவதே என்று அது எடுத்துரைக்கிறது. மலைச்சந்தையில் பழங்குடிப் பெண் தலைச்சுமையாய்க் கொண்டுவந்த பலாப்பழத்தை, அவள் மாலைக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று அறிந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பவரும் இப்பட்டியலுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். “அவள்தானே ஒத்துக்கொண்டாள்” என்று கூறிவிட இயலாது. ஏழை தன் தேவையினால் ஒப்புக்கொண்டான் என்பதால் மட்டும் ஒரு கூலி நீதியானதாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலில் தெளிவாகப் போதித்தார்.

இன்னுமொன்று உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிப்புப் பெற்றுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அபகரித்ததைத் திருப்பித் தருதலும், கெடுத்த பெயரைச் சீர்செய்தலும் நம் கடமையாகத் தொடர்ந்து நிற்கின்றன. உரியவரைக் கண்டறிய இயலாதபோது அப்பொருளை ஏழைகளுக்கு அளிப்பதே திருச்சபையின் பழைய வழக்கம். சக்கேயு தன் வீட்டுக்கு வந்த ஆண்டவருக்கு விருந்து மட்டும் படைக்கவில்லை. வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று அறிவித்தான். அவ்வீட்டுக்கு அன்று மீட்பு வந்தது.

நம் இல்லங்களில்

பேருந்தில் அரைச்சீட்டுக்காகக் குழந்தையின் வயதைக் குறைத்துச் சொல்கிறோம். மிச்சமானது சில ரூபாய். ஆனால் அக்குழந்தை அன்று ஒரு பாடம் கற்றுவிட்டது. கடன் கேட்டவர் வாசலில் நிற்கையில், “அப்பா இல்லை என்று சொல்” என்று பிள்ளையை அனுப்புகிறோம். பின்னொரு நாள் அதே பிள்ளை மதிப்பெண்ணை மறைக்கும்போது சினந்து பயன் என்ன?

வரதட்சிணை வேண்டாம் என்று மேடையில் பேசியவர், “நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வது” என்று திண்ணையில் அமர்ந்து பட்டியல் எழுதுகிறார். வீட்டு வேலைக்கு வரும் பெண் இருநாள் நோயுற்றால் கூலியைப் பிடித்துக்கொண்டு, அப்பணத்தில் புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அலுவலகத்தில் கோப்பை நகர்த்தக் கையூட்டுப் பெறுபவரைத் தூற்றுகிறோம். நம் காரியம் விரைவில் முடிய நாமே உறைக்குள் வைத்து நீட்டுகிறோம்.

“எல்லாரும் இப்படித்தான், நான் ஒருவன் மட்டும் நேர்மையாய் இருந்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. கையூட்டுக் கொடுக்க மறுத்தவரின் விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடப்பது உண்மை. எடை குறைக்காத கடைக்காரருக்கு இலாபம் குறைவதும் உண்மை. இவர்களுக்கு வெறும் அறிவுரை போதாது. உடன் நிற்பாரும் வேண்டும். பங்கில் உள்ள படித்தவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தரலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தம் விண்ணப்பம் எந்நிலையில் உள்ளது என்று குடிமகன் எவரும் கேட்கலாம். அதனைக் கேட்கத் துணை செய்யலாம். நேர்மையான கடையைத் தேடிச் சென்று வாங்கலாம். ஜெசி பிராண்டு குத்தகை உழவரோடு அதிகாரிகளிடம் நடந்து சென்றார் என்பதை மறவாதிருப்போம். தனித்து விடப்பட்டவனுக்கு நேர்மை பெருஞ்சுமை. துணையுள்ளவனுக்கு அது சுமக்கக்கூடிய சுமை.

பழகிப்போன பொய்யை எவ்வாறு விடுவது? பிறருக்கு உரியதைத் திருப்பித் தருவதில் தாமதம் கூடாது. ஆனால் உள்ளத்தில் வேரூன்றிய பழக்கம், அந்த நரம்புச் சிலந்தியைப் போன்றது. ஒரே இழுப்பில் பிடுங்கிவிடுவோம் என்று தவக்காலத்தின் முதல் நாளில் எழும் வேகம் பாதியில் அறுந்துபோகிறது. நாள்தோறும் சிறிது சிறிதாக, விடாமல் சுற்றி எடுக்க வேண்டும். இதற்கென்றே திருச்சபை நமக்கு இரவு மன்றாட்டோடு ஆத்தும சோதனையைக் கற்பித்துள்ளது. குடும்பச் செபமாலை முடிந்தபின் இரண்டு நிமிடம் அமைதியாய் அமர்ந்து மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வோம். இன்று நான் சொன்னதில் உண்மையல்லாதது எது? இன்று என் கையில் தங்கியிருப்பதில் பிறருக்கு உரியது எது? இன்று நான் கொடுத்த வாக்குகளில் நிறைவேறாதது எது? விடை கிடைத்தால், மறுநாள் காலையில் செய்ய வேண்டியது எதுவென்பதும் தெளிவாகும்.

நமக்கு இரவில் கஞ்சிப் பாத்திரத்தோடு மலையேறும் வாய்ப்பு வாராதிருக்கலாம். ஆயினும் நம்மை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் நம் தெருவிலும் இருக்கிறார். அவர் நம் ஆலயத்துக்கு வருபவராய் இராமலிருக்கலாம். நம்மை விரும்பாதவராயும் இருக்கலாம். தம் துன்ப நாளில், தம் பிள்ளையையோ தம் பணத்தையோ தம் இரகசியத்தையோ யாரிடம் ஒப்படைக்கலாம் என்று அவர் எண்ணும்போது நம் வீட்டை நினைப்பாராயின், நற்செய்தி அத்தெருவில் அறிவிக்கப்பட்டுவிட்டது என்று நம்பலாம். அந்த நாளுக்குத் தகுதியுள்ளவர்களாய், எடை குறையாத வாழ்வு வாழ எல்லாம் வல்ல இறைவன் நம் குடும்பங்களுக்கு அருள் புரிவாராக.